கேழ்வரகுக் கொல்லையில் பிடிபட்ட மர்ம நபர்

மணி சொன்ன விளக்கத்தை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டைப் பூட்டிய பிறகும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவன்தான் நான். ஆனாலும் இது வேறு.

அன்றைய வேலை எளிது. அத்திபெலே தாண்டி ஒரு கேழ்வரகுக் கொல்லை. அதற்கடியில் பெட்ரோல் குழாய் போகிறது. அங்கே யாரோ தோண்டுவதாக ஹெப்பகோடியில் இருக்கும் எங்கள் கண்ட்ரோல் ரூமில் அலாரம். போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

குழாயோடு சேர்த்து ஒரு கேபிள் புதைத்திருக்கிறோம். மேலே யார் நடந்தாலும் அந்த அதிர்வு திரையில் வந்துவிடும். மனிதனா மாடா என்றுகூடச் சொல்லும். இதைப் பற்றி ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தவன் நான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

குழாய்க்காரர்கள் வேறு கோபத்தில் இருந்தார்கள். "இன்னொரு பொய் அலாரம் வந்தா, உங்க கேபிளை நீங்களே தோண்டி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கேபிள் போனால் எங்கள் எல்லோருக்கும் வேலை போகும். அதனால் யாருக்கும் லீவு இல்லை என்று அறிவித்திருந்தேன்.

திரை முன்னால் உட்காரும் மணி மட்டும் கேட்டான். "சார், அக்கா பையனுக்கு இன்னிக்கு மொட்டை. தாய்மாமன் மடியிலதான் உட்கார வைக்கணும்."

"வேற மடியே கிடைக்கலையா?" என்றேன்.

தமாஷ் என்று நினைத்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

காரை ரோட்டில் விட்டுவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினேன். ஒரு ஈ காக்கா இல்லை. மணி போன் செய்தான்.

"சார், லைன் மேல ஒரு ஆள் நடக்கறான்!"

"எங்கே?"

"மஞ்சக் கல்லுகிட்ட."

குழாய்க்கு அடையாளமாக நட்ட அந்த மஞ்சள் கல்லுகிட்டத்தான் நானும் இருந்தேன். சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. பயிருக்குள் பதுங்கியிருக்கிறான்! சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"சார், நின்னுட்டான்."

"என்னைப் பார்த்துட்டான் மணி!"

"இருக்கும் சார்."

சத்தமில்லாமல் நாலு காலில் தவழ்ந்தேன்.

"சார், இப்ப மாடுன்னு காட்டுது."

"ஆளா மாடா? சரியாப் பாருப்பா!"

"மாடுதான் சார். கொஞ்சம் வயசான மாடு."

ஆள் மாடாகிற இடத்தில் எனக்கென்ன வேலை? எழுந்து ஓடினேன்.

"ஓடறான் சார்! மறுபடியும் ஆளு!"

"விடாதே! லைன் காவலுக்கு வந்திருக்காரே, நஞ்சப்பா, அவருக்குப் போன் போடு. அங்க யார் இருந்தாலும் பிடிக்கச் சொல்லு!"

உத்தரவு போட்ட திருப்தியில் மறுபடியும் கல்லுக்குப் பின்னால் பதுங்கினேன்.

"ஏளய்யா மேலே!"

எழுந்திரு என்று கன்னடத்தில் அதட்டியபடி, கையில் தடியோடு நஞ்சப்பா. வேலைக்குப் புதிது. என்னைப் பார்த்ததே இல்லை. அடையாளக் கார்டு காரில் இருக்கிறது என்றேன்.

"எல்லாக் கள்ளனும் அதான் சொல்றான். வெளிக்குப் போக வந்தியா, பெட்ரோல் திருட வந்தியா? ஒண்ணு சொல்லு."

எது மரியாதை என்று யோசித்தேன். அந்த யோசனையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. துண்டால் என் கையைக் கட்டினார். படம் பிடித்தார். பிறகு மணியை ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"மணி, நான்தான்பா!" என்று கத்தினேன்.

"குரல் எங்க சார் மாதிரிதான் இருக்கு" என்றான் மணி. "எதுக்கும் சார் வந்ததும் கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் விடாதீங்க."

கார் சாவியைக் காட்டி, காரைக் காட்டி, கார்டைக் காட்டிய பிறகுதான் துண்டு அவிழ்ந்தது. முதலில் தோண்டியது யார் என்று கேட்டேன்.

"நாய்" என்றார் நஞ்சப்பா. "காலையிலயே துரத்திட்டேனே."

ஆக, பொய் அலாரம். கேபிளைத் தோண்ட ஆள் தேட வேண்டியதுதான் என்று திரும்பினேன். ஆனால் மணியின் ரிப்போர்ட் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. 'குழாய் மேல் நடந்த மர்ம நபர் உடனடியாகப் பிடிபட்டார்.' கூடவே, தலை குனிந்து நான் உட்கார்ந்திருக்கும் படம். ஒரு வார்த்தை பொய் இல்லை. குழாய்க்காரர்கள் பாராட்டி, ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

"சத்தியமா நீங்கன்னு தெரியாது சார்" என்றான் மணி. "திரையில அதிர்வுதானே வருது? முகமா வருது?"

வகுப்பில் நான் சொல்லிக் கொடுப்பதும் அதேதான். அதனால் இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன்.

அந்த அக்கா பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். போன வாரம் டீ குடிக்கும்போது மணியிடம் கேட்டே விட்டேன்.

"மணி, அன்னிக்கு மொட்டைக்கு லீவு குடுக்காததாலதான், அந்த மாடு நான்தான்னு உனக்குத் தெரியாமப் போச்சா?"