ராதிகாவின் நெஞ்சுத் துடிப்பும் வெம்பாக்கத்துப் பையனும்

அண்ணாமலையார் துணை

ஆரணி,
ஆவணி அமாவாசை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை சிவகுமார் அவர்களுக்கு, மாமியார் அபிதகுசாம்பாள் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். ஓசூரில் நீங்களும் என் மகள் கீதாவும் சுகமாக இருக்க வேண்டும்.

என் மகனுடைய பிள்ளை அஜித் பேங்க் பரீட்சையில் தேறி களம்பூரிலேயே வேலைக்கு உட்கார்ந்துவிட்டான். அவன் தங்கை பானுப்ரியா நர்சிங்கில் மெடல் வாங்கினாள். உங்கள் மகள் ராதிகாவோ நீந்தி, சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடி, மூன்றையும் ஒரே நாளில் முடிக்கிற போட்டிக்கு என் வீட்டில் இருந்துகொண்டு தயாராகிறாள். அஞ்சாவதோடு நின்ற எனக்கு இதையெல்லாம் சொல்லச் சொல்ல வாய் வலிப்பதில்லை.

முட்டி இன்னொரு தடவை வீங்கினால் தை மாதப் போட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னதாகக் கீதா சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீங்கள் நடுவில் பேசிவிடுகிறீர்கள்.

முதல் தடவை முட்டி வீங்கியதற்குக் காரணம் எங்கள் தெருதான். அவள் மெதுவாக ஓடினால் வாசலில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. "இன்னா ராதிகா, உடம்பு சொகமில்லியா? எங்கூட்டுக் கெழவி இதவிட ஜல்தியா போவுதே" என்பார்கள். அவளும் ரோஷக்காரி, உங்கள் வம்சம். காலையில் எங்கள் சொந்தக்காரர் தனக்கோடி கிணற்றில் மூச்சு முட்ட நீச்சல், அப்புறம் பெரணமல்லூர் வரைக்கும் சைக்கிளில் பறப்பது, சாயங்காலம் தெருவின் வாய்க்குப் பயந்து ஓட்டம், எல்லா நாளும் முழு வேகம். முட்டி என்ன செய்யும், வீங்கிவிட்டது.

சென்னையில் இருக்கிற கோச் ரேணுகாதேவி என்னையே போனில் கூப்பிட்டார். "தூரம் நிறைய போவட்டும்மா. ஆனா பத்துல எட்டுப் பங்கு பேசிகினே போற வேகமா இருக்கணும். மூச்சு வாங்குற வேகம் மிச்சத்துக்குப் போதும். தெனம் அடிச்சிகினு போனா தூரமும் நிக்காது, வேகமும் நிக்காது" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பேசிக்கொண்டே ஓட வேண்டுமென்றால் பேச ஆள் வேண்டாமா? எதிர்வீட்டுத் துரைக்கண்ணுவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து நானே கூடப் போகிறேன். நான் ஒன்று கேட்பேன், அவள் முழுசாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் பாதியில் நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நான் கூட இருந்தால் தெருவும் வாயைத் திறக்காது.

நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் கையில் கட்டுகிற கடிகாரம் நெஞ்சுத் துடிப்பைச் சென்னைக்குக் காட்டிக்கொடுத்துவிடுமாம். கோச் மறுபடி கூப்பிட்டு, "ஓட்டம் ஆமை மாதிரி கீது, நெஞ்சு மட்டும் மலை ஏறுற மாதிரி அடிச்சிகினு கீது. இன்னாம்மா ஆவுது அங்க?" என்றார். வெயிலாக இருக்கும் என்றேன். பக்கத்தில் நின்ற துரைக்கண்ணு போனுக்குக் கேட்கும்படி, "ஆயா அந்த வெம்பாக்கம் மாப்ள பேச்ச எடுத்தா எனக்கே படபடன்னு வருது மேடம், வண்டி ஆடுது" என்றான்.

நான் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. பையன் இன்ஜினியர், நிலம் இருக்கிறது, பெரிய கிணறு இருக்கிறது, நீ நீந்திக்கொள்ளலாம், ஒரு தரம் பார்த்தால் என்ன என்றேன். அவ்வளவுதான். "கல்யாணப் பேச்சும் பயிற்சிக் கணக்குலதான் சேரும்மா. அதுவே ஒரு கஷ்டமான நாள். போட்டி முடியட்டும்" என்றுவிட்டார் கோச். ராதிகா, "ஆயா, நீ பேசாம வந்தாலே எனக்கு அது ரெஸ்ட் டே" என்கிறாள்.

இப்போது குழம்பு, மழை, பக்கத்துத் தெருச் சண்டை மட்டும்தான் பேசுகிறேன். துடிப்பு இறங்கிவிட்டதாம். சண்டையைச் சொன்னால் கொஞ்சம் ஏறுகிறது. ஓய்வும் பயிற்சிதான் என்கிறார் கோச். அமாவாசைக்குத் தறி ஓட்டாத ஊருக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்கச் சொன்னேன், அவரும் சரியென்றார். இன்றைக்குத் தறியும் ஓடவில்லை, அவளும் ஓடவில்லை. முட்டியை நானே நீவிப் பார்த்தேன், என் முட்டியைவிட நன்றாக இருக்கிறது.

ஆகையால் நீங்கள் தடை சொல்லாமல் அவளைப் போட்டிக்கு விட வேண்டும். அது முடியும் வரை கல்யாணப் பேச்சு என் வாயில் வராது. இது அண்ணாமலையார்மேல் ஆணை.

கீதாவுக்கு என் ஆசி. உங்களுக்கு ஆசியோடு மரியாதையும்.

இப்படிக்கு,
அபிதகுசாம்பாள்

பின்குறிப்பு: அடுத்த நீள சைக்கிள் நாளுக்கு வெம்பாக்கம் ரோட்டில் கூட்டிப் போகத் துரைக்கண்ணுவிடம் சொல்லியிருக்கிறேன். மெதுவாகத்தான். அங்கே ஒரு வீட்டில் மோர் கொடுப்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்கு முன்னால், உங்கள் தங்கை வீட்டு விசேஷத்தில் ராதிகா பட்டுப் புடவையில் எடுத்துக்கொண்ட புதுப் போட்டோவைத் தபாலில் அனுப்பவும். போனில் வேண்டாம், என் போனை அவள்தான் திறப்பாள். கடிகாரம் கட்டிய கை தெரியாத போட்டோவாகப் பார்த்து அனுப்பவும்.