வீராயி கரடியும் வெளியே போகாத விருந்தாளிகளும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அதனிடம் ஒரு லேப்டாப்பும் இருந்தது பாருங்கள், அங்கேதான் வினை! கரடியின் பெயர் வீராயி. குகையில் கரண்ட் கிடையாது. வனத்துறை பங்களாவின் பின்பக்க பிளக்கில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பும். குகைக்கு வந்து உட்காருவதற்குள் பாதி காலி. யார் குடித்தது என்றே தெரியாது.

மறுநாள் வீடியோவில் நேர்முகத் தேர்வு. பட்டணத்து மிருகக்காட்சி சாலையில் ஒரே ஒரு இடம் காலி. மூன்று வேளை சாப்பாடு, ஒழுகாத கூரை, குளிக்கத் தண்ணீர்த் தொட்டி. காட்டிலோ அந்த வருஷம் கரையான்கூடக் கிடைக்கவில்லை. வீராயி எலும்பும் ரோமமுமாக ஆகியிருந்தது. இந்த வேலையும் தவறினால் பட்டினிதான்.

பயந்துபோய், ரிப்பேர் பார்க்கும் கீரி மாசானத்தைக் கூப்பிட்டது.

"நானும் அந்த வேலைக்குத்தான் மனு போட்டிருக்கேன்க்கா. ஆனா தொழில்னு வந்துட்டா தொழில்தான்" என்றபடி மாசானம் லேப்டாப்பைத் திறந்தது. திறந்ததும் துள்ளிக் குதித்தது.

"அடியாத்தீ! உள்ள ஒரு கூட்டமே ஓடுதேக்கா! வைரஸைப் பிடிக்க மூணு காவல்காரனா போடுவாங்க? மூணு பேரும் ஒருத்தனையொருத்தன் திருடன்னு நினைச்சுத் துரத்திக்கிட்டிருக்கானுங்க. சார்ஜ் எப்படி நிக்கும்? எல்லாத்தையும் மூடுங்க."

"வீடு தேடி வந்தவங்கள எந்திரிச்சுப் போன்னு சொல்றதா? எங்க கரடி வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது தம்பி."

"அது விருந்தாளி இல்லக்கா, புரோகிராம்!"

"யாரா இருந்தா என்ன? உள்ள வந்தாச்சில்ல?"

கீரி தலையில் அடித்துக்கொண்டது. கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொன்றாக மூட வைத்தது. வீராயி பானையில் மிச்சமிருந்த தேனை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு விட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று கும்பிட்டு அனுப்பியது. கீபோர்டு பிசுபிசுத்துப் போனது.

கீரி கிளம்பியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது: 'லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் இவை தானாகவே வரலாமா?' வரக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வீராயிக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று அழுத்தியது.

காலையில் முதலில் மாசானத்துக்குத் தேர்வு. அதன் பேட்டரி கல்லு மாதிரி நின்றது. தேர்வு நடத்திய நெருப்புக்கோழி கேட்டதற்கெல்லாம் மாசானம் பதில் சொன்னது, கேட்காததற்கும் சொன்னது. வாரத்தில் லீவு உண்டா, கூண்டுச் சாவி யாரிடம் இருக்கும் என்று எதிர்க்கேள்வியும் போட்டது.

அடுத்து வீராயி. லேப்டாப்பைத் திறந்ததும் பழைய விருந்தாளிகள் மொத்தமும் உள்ளே!

"நாள் முழுக்க ஜனங்க வேடிக்கை பார்ப்பாங்க, கத்துவாங்க, கடலைத் தோலை எறிவாங்க. என்ன செய்வீங்க?" என்று கேட்டது நெருப்புக்கோழி.

"அம்மா, நான் வந்து..." என்று வாயைத் திறந்தது வீராயி. திரை இருண்டது.

"போச்சே! என் சோத்துல மண்ணு விழுந்துருச்சே!" என்று தரையில் புரண்டு அழுதது.

அங்கே நெருப்புக்கோழியின் திரையிலோ, திறந்த வாய் திறந்தபடி கரடி உறைந்து நின்றது. நெருப்புக்கோழி கத்திப் பார்த்தது. கடலைத் தோலை அள்ளித் திரைமேல் எறிந்தும் பார்த்தது. கரடி இமைக்கவே இல்லை.

"என் சர்வீஸ்லயே இப்படியொரு பொறுமைசாலியைப் பார்த்ததில்ல!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதே வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டது.

சேதி கேட்டு மாசானம் ஓடி வந்தது. "நான் அவ்வளவு பேசினேனே! நீங்க அப்படி என்னதான்க்கா பதில் சொன்னீங்க?"

"எனக்கும் தெரியல தம்பி. சொல்றதுக்குள்ள வேலை கிடைச்சிருச்சு."

நீதி: நேர்முகத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படியுங்கள், தப்பில்லை, சார்ஜரை மட்டும் யாருக்காவது இரவல் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.