எட்டுக் கையெழுத்தும் ஒரு வீடும்

எனக்கு வாய் கிடையாது. சாப்பிட மட்டும்தான் அது திறக்கும். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் மணியடிக்கக்கூடக் கூசும். வேறு யாராவது அடிப்பார்கள் என்று உட்கார்ந்தே இருந்து, ரிங்லெட்டில் இறங்க வேண்டியவள் மலையடிவாரத்துத் தாப்பாவரை போய் வந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவள் உயில் எழுதக் கிளம்பினால் என்ன ஆகும்? நடந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது சொன்னால் மானம் போகாது. (போக வேண்டியது அன்றைக்கே போய்விட்டது.)

எங்களுக்குச் சொத்து என்றால் ரிங்லெட்டில் ஒரு சின்ன வீடுதான். நானும் அவரும் முப்பது வருஷம் தேயிலைக் காட்டில் உழைத்து, தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வரும்போது வாங்கியது. அவர் போன பிறகு அதில் நானும் சின்ன மகள் செல்வியும் இருக்கிறோம். செல்விக்குக் கியா பார்மில் காய்கறி கட்டும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் தூக்கிக் குளிப்பாட்டியவள் அவள்தான்.

எனக்குப் பின்னால் வீடு அவளுக்குத்தான் போக வேண்டும். எழுதி வைக்காவிட்டால் நாலு பிள்ளைகளுக்கும் பங்கு, வீட்டை விற்பார்கள், செல்வி பெட்டியோடு ரோட்டில் நிற்பாள். ஆனால் மூத்தவன் மணி, லோரி ஓட்டுகிறவன், அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன். மூத்த மகனுக்குத்தான் வீடு என்று எங்கள் சொந்தத்தில் யாரும் சொல்வதில்லை, எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அவனிடம் போய் 'உனக்கு இல்லை' என்று நான் சொல்வதா?

பக்கத்து வீட்டுக் கமலம் வழி சொன்னாள். "ஏன்க்கா பயப்படுறீங்க? ஒரு பேப்பர்ல எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கி வச்சிடுங்க. முடிஞ்சிச்சு லா." (கமலம் விற்பது ஸ்ட்ராபெரி. சட்டமும் தெரியும் என்று நான் நம்பினேன்.)

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற எழுத்தில், கோடு போட்ட தாளில் எழுதினேன். வீடு செல்விக்கு. அப்பாவின் மோட்டார் சைக்கிள் மணிக்கு. வெள்ளி விளக்கு இளையவனுக்கு. சங்கிலி பெரிய மகளுக்கு. வளையல்கள் மருமகள்கள் இருவருக்கும். கைக்கடிகாரம் என் தம்பிக்கு. மாப்பிள்ளையை மட்டும் விடலாமா? தையல் மிஷினை அவருக்கு எழுதினேன். (அவருக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது.)

இனி இரண்டு சாட்சி. எந்த இரண்டு? மூத்தவனைக் கூப்பிட்டால் இளையவன் முகம் தொங்கும். மகளைக் கூப்பிட்டால் மாப்பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளுவார். எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் ஓலை வாசித்ததும், தாய்மாமனில் தொடங்கி எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள். ஒருவரை விட்டாலும் அடுத்த கல்யாணம்வரை பேச்சு இருக்காது. அதே முறையில் செய்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது என்று என் அறிவுக்குப் பட்டது.

தீபாவளிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். தாளை விரித்து, வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டைச் சரியாக எழுத்தின்மேல் வைத்தேன். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் வெளியே தெரிந்தது.

"என்ன அத்தை, தட்டெல்லாம் பலமா இருக்கு? உங்களுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா போடுங்க. நல்ல காரியம்" என்றேன்.

தாய்மாமன் என்ற முறையில் முதலில் தம்பி போட்டான். பிறகு வரிசையாக மற்றவர்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூடத் தட்டை நகர்த்திப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்ததும் தாளைப் பத்திரமாகக் கொடுத்து வைக்கத் தானா ராத்தாவில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். தனியாகப் போகத்தான் நினைத்தேன். "நாங்களும் வாறோம், டவுன்ல சாப்பிட்டு வரலாம்" என்று எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். கீழே சாப்பாட்டுக் கடையில் அவர்களை விட்டுவிட்டு மாடி ஏறினேன். கடையில் இடமில்லை, வெளியே மழை. நான் நாற்காலியில் உட்காரும்போது எட்டுப் பேரும் என் பின்னால் நின்றார்கள்.

வழக்கறிஞர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். தாளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுல போட்டிருக்கிறவங்க எல்லாம் யாரும்மா?"

"நாங்கதாங்க!" என்று மாப்பிள்ளை கையைத் தூக்கினார்.

"உயில்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்களுக்கு அதுல எழுதினது கிடைக்காதும்மா. அவங்க புருஷன் பெண்டாட்டிக்கும் கிடைக்காது."

"உயிலா?" என்றன எட்டு வாய்கள்.

"அப்ப யாருக்குத்தான் கிடைக்கும்?" என்றான் தம்பி.

"யாருக்கும் இல்லங்க. எல்லாருமே போட்டுட்டீங்களே."

"எனக்கு என்னா எழுதியிருந்திச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"தையல் மிஷின்."

"நல்ல வேளை" என்றார்.

"இன்னொண்ணும்மா" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "நீங்க எங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

குனிந்து தேடினேன். தம்பியின் கையெழுத்தே தேங்காய் அளவு. மற்றவர்கள் மிச்ச இடத்தை நிரப்பியிருந்தார்கள். என்னுடையது எங்கேயும் இல்லை.

மணி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, வீட்ட யாருக்கு எழுதியிருக்க?"

வழக்கறிஞர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நானே சொல்லட்டும் என்று என்னைப் பார்த்தாள். (நல்ல பெண். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருக்கலாம்.)

"செல்விக்கு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னாம்மா?"

"செல்விக்குடா! வீடு செல்விக்கு!"

அது என் குரல் என்று நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. செல்வி சுவரில் இருந்த நாள்காட்டியை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். மணி தலையைச் சொறிந்தான். அவன் பெண்டாட்டி அவன் முதுகில் விரலால் இடித்தாள்.

"அப்பா மோட்டாரு?" என்றான்.

"உனக்குத்தான்."

"அப்ப சரி லா." கொஞ்சம் நிறுத்தி, "அப்பாவ தூக்கினது அவதானே. இத வாயால சொல்றத விட்டுட்டு எட்டுக் கையெழுத்தா வாங்குவ?" என்றான்.

(அவன் பெண்டாட்டி முகம் பழையபடி ஆக ஒரு மாதம் பிடித்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

அன்றைக்கே புதிதாகத் தட்டச்சு செய்தார்கள். குடும்பத்தை மொத்தமாகப் படிக்கட்டில் நிறுத்திவிட்டு, அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியையும் கீழ்க்கடை பாயையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுல எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்ல பாய். அதனாலதான் உங்களக் கூப்பிட்டோம்."

இந்த முறை முதல் கையெழுத்து என்னுடையது. பெரிதாகவே போட்டேன்.

போன வாரம் மணி வந்திருந்தான். கூரை ஒழுகுகிறது, ஏறிப் பாரடா என்று சொல்லக் கூச்சப்பட்டு, அவன் கண்ணில் படும்படி நடுவீட்டில் மூன்று வாளிகளை வரிசையாக வைத்தேன். வாளிகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"