கிளிக் அண்ணனும் தண்ணீர் கேனும்

சொந்தக் காரின் சக்கரத்தோடு பந்தயம் விட்டுத் தோற்ற மனிதர் திண்டிவனத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு கிளிக் அண்ணன். உண்மைப் பெயர் அவருடைய ஜெராக்ஸ் கடை போர்டில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை.

பந்தயம் நடந்தது கிளியனூர் தாண்டி, பாண்டி ரோட்டில். பஞ்சரான பின்சக்கரத்தை முதல் நாள்தான் தானே கழற்றி மாட்டியிருந்தார். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கை சொல்லிவிடுமாம். பக்கத்தில் அண்ணி. திடீரென்று ஒரு சக்கரம் இவர்களை முந்திக்கொண்டு ஜம்மென்று ஓடியது.

"பாவம், எவனுக்கோ டயரு கழண்டுகினு போவுது பாரு" என்றார் அண்ணன்.

அடுத்த நொடி கார் பின்பக்கமாக உட்கார்ந்தது. சக்கரம் மல்லாட்டைக் கொல்லைக்குள் இறங்கி, கடலைச் செடி மேல் படுத்துக்கொண்டது. களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னா சார், டயர மொதல்ல அனுப்பிட்டு நீங்க பின்னால வர்றீங்களா?" என்று கேட்டார்.

அண்ணி இறங்கினார், கை காட்டினார், பஸ் ஏறினார். ராத்திரி சோறு போடும்போதுதான் தீர்ப்பு வந்தது: "இனிமே உங்க வண்டில என் காலு படாது."

படவில்லை. ஒலக்கூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போவார். அண்ணன் விடுவாரா? காலி காரை ஓட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே போவார். கண்டக்டருக்கே மனசு கேட்கவில்லை.

"எம்மா, உங்க ஊட்டுக்காரரு பின்னாலயே வர்றாரு. எறங்கிக்கிறீங்களா?"

"நீங்க டிக்கெட்டக் குடுங்க. ஒலக்கூர் ஒண்ணு."

கை ஏமாற்றிவிட்டதால் அடுத்தமுறை அண்ணன் காலை நம்பினார். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தார். போல்ட் பாதியில் முறிந்து ஸ்பேனரோடு வந்தது. அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். புதிதாக இன்ஜினியரிங் முடித்தவனிடம் இப்படி ஒரு கேஸ் சிக்கினால் சும்மா இருப்பானா?

"அண்ணே, நட்டு முறுக்க டார்க் ரெஞ்ச்னு ஒண்ணு கீது. எவ்ளோ டைட் வேணுமோ அந்த நம்பர வெச்சிடலாம். அந்த அளவு வந்ததும் 'கிளிக்'னு ஒரு சத்தம். அதோட நிறுத்திடணும்."

அண்ணன் என்னை நம்பினார். ஆனால் ரெஞ்சை நம்பத் தயாராக இல்லை. "அது பொய்யா கிளிக் பண்ணா?"

இந்தக் கேள்வியோடுதான் விழுப்புரம் போனோம். நான் பின்சீட்டில். முன்சீட்டில், அண்ணி உட்கார வேண்டிய இடத்தில், சீட் பெல்ட் மாட்டி ஒரு பெரிய தண்ணீர் கேன்.

ஹார்டுவேர் கடைக்காரர், "கேரண்டி ஐட்டம் சார்" என்று ஆரம்பித்தார்.

"கேரண்டிய நீங்க சொல்லக் கூடாது, கேன் சொல்லணும்."

"தண்ணி வேணுமா சார்?"

அண்ணன் ரெஞ்சின் தலையைக் கடை மேஜையில் இருந்த வைஸின் இரும்புப் பிடியில் இறுக்கினார். கைப்பிடி கிடையாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கேனைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். கேன் எடை தெரியும், கயிறு தொங்கும் தூரம் தெரியும். இரண்டையும் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். அதைவிடக் கொஞ்சம் கம்மியாக நம்பர் வைத்தால் கிளிக் வர வேண்டும், கொஞ்சம் கூட வைத்தால் வரக் கூடாது.

முதல் ரெஞ்ச் என்ன வைத்தாலும் வாயே திறக்கவில்லை. இரண்டாவது, கேனைப் பார்த்தாலே கிளிக் அடித்தது. அதற்குள் கடையில் கூட்டம் கூடிவிட்டது. பெயிண்ட் வாங்க வந்தவர், "இன்னாபா, ரெஞ்சுக்குத் தூக்கா?" என்றார். மூன்றாவது அடிக்க வேண்டிய இடத்தில் அடித்தது, அடிக்கக் கூடாத இடத்தில் வாயை மூடிக்கொண்டது. மறுபடி தொங்கவிட்டார், மறுபடியும் அதே. கூட்டம் கைதட்டியது. கடைக்காரர் மட்டும், "ஜல்தி பில் போடுப்பா, பேஜாரா கீது" என்றார்.

அன்றிலிருந்து அவர் கிளிக் அண்ணன். ரெஞ்சைத் துண்டில் சுற்றித்தான் வைப்பார். வேலை முடிந்ததும் நம்பரை அடிவரை இறக்கிவிடுவார், "உள்ள கீற ஸ்பிரிங்கு தூங்கட்டும்." நட்டைக் கழற்ற யாராவது இரவல் கேட்டால், "இது டைட் பண்றதுக்குப் பொறந்தது. கழட்ட வேற ஆளப் பாரு" என்று துரத்துவார்.

அண்ணி மட்டும் மசியவில்லை. "கேனு ஏறுதில்ல, போதும்."

போன வருஷம் ஆயுத பூஜை. அண்ணன் காலையிலேயே நாலு சக்கரத்தையும் கழற்றிக் கழுவி, சாதா ஸ்பேனரால் மாட்டி வைத்தார். கடைசி முறுக்கு பாக்கி. கை கழுவிவிட்டு வருவதற்குள் அண்ணி ரெஞ்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் அடுக்கிப் பூஜையே முடித்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள்தானே எடுக்க முடியும்?

சரியாக அப்போது ஒலக்கூரிலிருந்து போன். அண்ணியின் தங்கை கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், சாயங்காலமே பெங்களூர் கிளம்புகிறாள். அண்ணி இன்னும் குழந்தை முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். லீவு கூட்டம், படியில்கூட இடமில்லை. முகம் சுருங்கித் திரும்பி வந்தார்.

வாசலில் கார் நின்றது. பக்கத்தில் நானும் அண்ணனும். அண்ணன் வெறுங்கையோடு.

"கூட்டிக்கினு போறேன்னு சொல்ல ஆசதான். கிளிக் கேக்காம உன்ன ஏத்த மாட்டேன். ரெஞ்சு பூசையில கீது."

அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போனார். சாமியைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரெஞ்சோடு வந்தார்.

"முறுக்குங்க. என் காதுல கேக்கணும்."

சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். ஒவ்வொரு கிளிக்குக்கும், ரெஞ்சில் இருந்த சந்தனத்தை விரலில் எடுத்து நட்டிலிருந்து சக்கரம் வரை ஒரு கோடு இழுத்தார். "கோடு ஒடஞ்சா நட்டு நவுந்துடுச்சின்னு அர்த்தம். போற வழியெல்லாம் எறங்கிப் பாப்பேன்."

அண்ணன் தலையாட்டினார். கண்ணில் சந்தனம் பட்டுவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

அண்ணி முன்கதவைத் திறந்தார், பெல்ட்டைக் கழற்றினார், கேனைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "புடி தம்பி. இது என் எடம்."

எனக்கு இப்போது விழுப்புரத்தில் வேலை. வாரக் கடைசியில் பைக்கில் ஊருக்கு வருகிறேன். திங்கட்கிழமை கிளம்பும்போது பின்சக்கர நட்டில் புதிதாக ஒரு சந்தனக் கோடு இருக்கிறது. யார் போட்டது என்று நான் கேட்டதில்லை. வண்டி கழுவும்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.