கடித்த நாள் விளையாட்டு

லோஷினி மறுபடியும் கூடப் படிக்கும் ஷர்மினியைக் கடித்துவிட்டாள் என்று பாலர்பள்ளி ஆசிரியை போனில் சொன்னபோது ஹேமநாதன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். மகளுக்கு ஐந்து வயது. மனைவி பிரவீனாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், வீட்டருகே தெப்ராவில் ஃபேக்டரி வேலை; அங்கே கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். அதனால் கடி பற்றிய புகாரெல்லாம் நேராக இவனுக்குத்தான் வரும். அரை நாள் லீவு கேட்டு, எல்லைப் பாலம் தாண்டி வீட்டுக்கு ஓடி வந்தான்.

ஆசிரியை சொன்னபடி, விளையாட்டின் மூலம் சிகிச்சை தரும் சாருமதியிடம் மகளை இருவரும் அழைத்துப் போனார்கள். அவர் அறையில் மணல்தொட்டியும் பொம்மைகளும்தான் இருந்தன. வாயால் சொல்லத் தெரியாததைப் பிள்ளை விளையாடிக் காட்டும், அதனால் திருத்தாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள் என்றார்.

லோஷினி மணலில் பாலம் கட்டி, கார்களை வரிசையாக நிறுத்தினாள். ஒன்றும் நகரவில்லை. தினமும் அந்த நெரிசலில் பாதி ஆயுளைக் கழிப்பவனுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் நின்ற லாரியை எடுத்து ஓரமாக வைத்தான். லோஷினி அழுதாள். பிறகு அவன் கையைக் கடித்தாள்.

“ஜாமை நீங்க சரி பண்ண வேணாம்,” என்றார் சாருமதி. “பக்கத்துல உக்காந்திருங்க, அது போதும். வீட்டுலயும் தினமும் அரை மணி நேரம்.”

‘தினமும்’தான் இடித்தது. விடியுமுன் கிளம்பி, அவள் தூங்கியபின் வீடு திரும்புகிறவன் அவன். காய்ச்சல் மாத்திரை மாதிரி, தேவைப்படும்போது கொடுத்தால் போதும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டான். கடித்த நாளில் லீவு போட்டு வந்து விளையாட்டு. மற்ற நாளில் ஓவர்டைம்.

விளையாட்டில் ஒரு குறையும் இல்லை. அவன் நோயாளியானான், குதிரையானான், ஒருநாள் கல்யாணப் பெண்ணும் ஆனான். தலையில் பூவோடு போய்க் கதவைத் திறந்து, பார்சல்காரரிடம் முகம் கோணாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். லோஷினி தரையில் உருண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

ஆனால் கடி நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்று இரண்டானது. மருந்தின் அளவு போதவில்லை என்று நினைத்து, அரை மணியை இரண்டு மணியாக்கினான். அடுத்த வாரம் மூன்று கடி. சூப்பர்வைசர், உன் வீட்டில் இருப்பது பிள்ளையா முதலையா என்று கேட்டார். சாருமதியிடம் போகவே வெட்கமாக இருந்தது.

கடைசியில், இன்னும் ஒரு தடவை கடித்தால் லோஷினியை நிறுத்த வேண்டிவரும் என்று பாலர்பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பிரவீனா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஏன் இப்படி ஆனது என்று இருவருக்கும் விளங்கவில்லை.

அன்று மாலையே ஹேமநாதன் சாக்லேட் டப்பாவோடு இரண்டு தெரு தள்ளியிருந்த ஷர்மினி வீட்டுக்குப் போனான். அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு குழந்தையின் முன் மண்டியிட்டு, “ரொம்ப வலிக்குதாம்மா?” என்றான். டப்பாவை நீட்டினான்.

ஷர்மினி சாக்லேட்டைப் பிரித்தபடியே சொன்னாள்:

“இல்ல அங்கிள், மெதுவாத்தான் கடிப்பா. இன்னிக்கு அப்பாகூட விளையாடணும், கடிச்சுக்கட்டுமான்னு கேப்பா. நான் சரின்னதும் கடிச்சிட்டு, ரெண்டு பேரும் சேந்து போயி டீச்சர்கிட்ட சொல்லுவோம்.”