எழுந்து போக முடியாத வாசகர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல் மருத்துவரின் மனைவி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். தாங்களும், தங்கள் பத்திரிகையும், தங்கள் பற்களும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கடைசியாகச் சொன்னது மரியாதைக்காக அல்ல. தொழில் பழக்கம்.

என்னைத் தங்களுக்குத் தெரியாது. என் கணவரைத் தெரியும். தெரியும் என்றால், அவர் கவிதை அனுப்புவார், தாங்கள் திருப்பி அனுப்புவீர்கள். இத்தனை காலமும் 'பிரசுரத்துக்கு ஏற்றதாக இல்லை' என்று அச்சடித்த சீட்டுதான் வரும். படிப்பார். பெருமூச்சு விடுவார். கையைக் கழுவிக்கொண்டு அடுத்தவர் பல்லைப் பார்க்கப் போவார். யாருக்கும் தொந்தரவில்லாத ஏற்பாடு. போன மழைக்காலத்தில் என்ன தோன்றியதோ, தாங்கள் முதல் முறையாகப் பேனாவை எடுத்துக் கைப்பட எழுதினீர்கள்: "கவிதையில் உழைப்பு தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டிப் பாருங்கள். அவர் பாதியில் எழுந்து போகவில்லை என்றால் எங்களுக்கு அனுப்புங்கள்."

ஐயா, அவர் என்ன தொழில் செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் கிளினிக்கில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்காருகிறவர் அடுத்த நிமிடம் படுத்திருப்பார், அதற்கடுத்த நிமிடம் பாதி முகம் மரத்திருக்கும், வாயில் பஞ்சு, கன்னத்தில் ஒரு கொக்கி, கண்ணுக்கு நேராக விளக்கு. எழுந்து போவது இருக்கட்டும், எச்சில்கூட விழுங்க முடியாது. இப்படி ஒரு சபை எந்தக் கவிஞருக்கும் அமைந்ததில்லை என்று என் கணவருக்கு அன்று மாலையே தோன்றிவிட்டது. முதலில் மாட்டியவர் ஒரு வங்கி மேலாளர். ரூட் கெனால். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் சொல்லி வைப்பது எங்கள் வழக்கம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு எப்படிச் சொல்வது? மேலாளருக்கும் சொன்னோம். என் கணவர் ஒரு கையில் ட்ரில்லைப் பிடித்துக்கொண்டு, நகரத்தின் கடைசிப் பேருந்து யாரையும் ஏற்றாமல் போவதைப் பற்றி மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். பேருந்து திருப்பத்தில் மறையும் இடத்தில் மேலாளரின் இடது கை மெல்ல உயர்ந்தது. என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த இடம் எனக்கும் ரொம்பப் பிடிச்ச இடம் சார்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தை மறுபடியும் நிறுத்தத்திலிருந்து கிளப்பினார். மேலாளர் இரண்டு கையையும் தூக்கினார். அப்புறம் ஒரு காலையும்.

அன்று இரவு சாப்பிடும்போது, "ஒரு வரிக்கு ஒரு மனுஷன் காலைத் தூக்கி நீ பார்த்திருக்கியா?" என்று என்னைக் கேட்டார்.

அதன்பிறகு அவரைப் பிடித்து வைக்க ஆளில்லை. அவருக்கு உதவியாக நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அந்தக் குழாய் போடும் சத்தம் தங்களுக்குத் தெரிந்திருக்கும், பல் வலிக்காத பத்திரிகையாசிரியர் யார்? அந்தச் சத்தம் நல்ல வரிகளாகப் பார்த்து விழுங்குகிறது என்று இவருக்கு ஒரு குறை. ஒருநாள் அவள், நான் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற முன்னறைக்கு ஓடி வந்தாள். "அக்கா, கவிதை முடியிறவரைக்கும் குழாயை வெளியே எடுன்னு சார் சொல்றாரு. எடுத்தா உள்ள இருக்கிறவரு மூழ்கிடுவாரு அக்கா." நான் போய்ப் பார்த்தபோது வக்கீல் ஒருவர் கழுத்துவரை நனைந்து கிடந்தார். வாய் காலியானதும் அவர் சொன்னது: "இதை எந்தச் சட்டத்துல கொண்டுவர்றதுன்னு தெரியல டாக்டர். ஆனா கொண்டுவருவேன்." மறுநாள் ஒரு லாரி ஓட்டுநர். மூன்று ராத்திரி தூங்காமல் வண்டி ஓட்டி வந்தவர், முதல் வரியிலேயே வாயைத் திறந்தபடி குறட்டை விட்டார். "கடைசிவரைக்கும் இருந்தாரு" என்றார் என் கணவர், மிகுந்த மனநிறைவுடன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைவாய்ப்பல் எடுக்க வந்தார். எடுத்த இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பேசினால் ரத்தம் வரும். அவர் முகம் சிவக்கச் சிவக்கக் கவிதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, என் மேசைக்கு வந்து மருந்துச் சீட்டைப் பிடுங்கி, பின்பக்கம் பெரிதாக எழுதினார்: 'எதுகை எங்கே?' அடுத்த நாளும் வந்தார். "பல்லு ஒண்ணும் வலிக்கலம்மா. கேள்விக்குப் பதில் வரலியே, அதான் வலிக்குது." உள்ளே விட முடியாது என்றேன். முன்னறையிலேயே உட்கார்ந்து, காத்திருந்தவர்களிடம் வழக்கை விளக்கினார். வாக்கியத்தை உடைத்துக் கீழே கீழே போட்டால் கவிதையா என்றார். வீங்கிய கன்னத்தோடு இருந்த ஒரு கல்லூரிப் பெண், எதுகை இருந்தால் மட்டும் விளம்பரப் பாட்டெல்லாம் கவிதை ஆகிவிடுமா என்றாள். வலியோடு இருக்கிறவர்கள் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று தாங்கள் பார்த்ததில்லை. பாதிப் பேர் எதுகைப் பக்கம், பாதிப் பேர் எதிர்ப்பக்கம், ஒருவர் மட்டும் "எனக்கு முன்னாடி யாருங்க, முதல்ல அதைச் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

என் மாமியாரையும் விடவில்லை. பல்செட் மேலே இடிக்கிறது என்று வந்தார். மகன் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தாய்மை பற்றி ஒரு நீளமான கவிதையை எடுத்தார். "டேய், செட்டைக் கொடுடா. அது இல்லாம எனக்கு எதுவும் கேக்காது" என்றார் அத்தை. பல்லுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "உனக்குப் புரியாதுடா, நீ பல் டாக்டர்தானே" என்று பொக்கை வாயால் சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்து தானாகவே இறங்கினார். தங்கள் தேர்வில் பாதியில் எழுந்து போன ஒரே ஆள் இவரைப் பெற்ற அம்மாதான். அவர் முன்பின் தெரியாதவர் அல்ல, அதனால் அந்தக் கணக்கு செல்லாது என்று என் கணவர் தள்ளுபடி செய்துவிட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாக இருந்த வரை நானும் சிரித்தேன். இப்போது தெருமுனையில் புதிதாக ஒரு பல் கிளினிக் திறந்திருக்கிறது. என் கணவரின் வகுப்புத் தோழர் நடத்துகிறார். நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் டிவி. படுத்தபடியே கிரிக்கெட் பார்க்கலாம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே போகிறார்கள். வெட்கத்தோடு, தெருவின் மறுபக்கமாக, கன்னத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு. தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "மேடம், ஒரு பல்லு எடுக்கணும். கவிதை இல்லாத நேரம் எதுங்க?" போன வாரம் ஒரு காலை முழுக்க முன்னறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தோழர் வந்தார். காலியான நாற்காலிகளைப் பார்த்தார். "மச்சான், இந்த இடத்தை விட்டுடு. என் பின்னறையில உனக்கு ஒரு சேர் போடறேன். மாசச் சம்பளம். ஆனா வாயைத் திறக்கக் கூடாது, பேஷன்ட் மட்டும்தான் திறக்கணும்" என்றார். என் கணவர் சிரித்தார். சிரித்துவிட்டு, இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார். அந்த 'சொல்கிறேன்' எனக்குப் பிடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, இவரோடு சேர்ந்து சுவருக்கு வண்ணம் பூசி, நாற்காலியை மாடிப்படியில் தூக்கி ஏற்றி, இரண்டு பேருமாக உண்டாக்கிய இடம் இது. அதை ஒரு பேருந்துக்காக, அதுவும் யாரையும் ஏற்றாத பேருந்துக்காக, இழக்க முடியாது.

தவறாக நினைக்காதீர்கள். நான் கவிதைக்கு எதிரி இல்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோர் போனிலும் காலையில் எழுந்தவுடன் கவிதைதான் வருகிறது, ரோஜாப்பூவுக்குக் கீழே, காலை வணக்கத்தோடு. வந்ததை அடுத்தவருக்கு அனுப்புகிறோம். யாரும் படிப்பதில்லை. யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை. கவிதை இந்தக் காலத்தில் இப்படி நிம்மதியாகத்தான் இருக்கிறது. இவர் ஒருத்தர்தான் நின்று கேட்கச் சொல்கிறார். ஒரு மனிதன் முகத்துக்கு நேராக இன்னொரு மனிதன் நாலு வரி சொன்னால் எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை ஐயா. எனக்கும் தெரியாது. வீட்டில் அவர் தாளை எடுத்தாலே எனக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிடும்.

நேற்று உட்கார வைத்துக் கேட்டேன். என்ன செய்தால் நிறுத்துவீர்கள்? கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணு அச்சுல வந்துட்டா போதும். அப்புறம் எந்தப் பேஷன்ட் கிட்டயும் சொல்ல மாட்டேன். யாரோ எங்கேயோ படிக்கிறாங்கன்னு இருந்துக்குவேன்" என்றார்.

ஆகவே இந்தக் கடிதத்துடன் அவருடைய கவிதை ஒன்றை வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தது. படித்து எடுக்கவில்லை, நீளம் பார்த்து எடுத்தேன். நாலே வரி. தங்களுக்கு இடம் பிடிக்காது. விளம்பரத்துக்குக் கீழே, பிழைதிருத்தத்துக்குப் பக்கத்தில், எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். தலைப்பு வேண்டாம். படம் வேண்டாம். அதற்குப் பதிலாகத் தங்கள் அலுவலகத்தில் இருக்கும் அனைவருக்கும் பல் சுத்தம் செய்து தருகிறோம், முழு அமைதியில். இது லஞ்சம் என்று தோன்றினால் ஈறுக்கு மட்டும் செய்கிறோம்.

தங்கள் முடிவில்தான் எங்கள் கிளினிக் இருக்கிறது. பத்திரிகை செழித்து வளரட்டும். சந்தாதாரர்கள் பெருகட்டும். தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். இனிப்புச் சாப்பிட்டால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்களை மலைபோல் நம்பியிருக்கும்
பல் மருத்துவரின் மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், அந்தத் தாளைப் படித்தேன். நாலு வரிதானே. தாங்களும் படித்துக்கொள்ளுங்கள்:

கதவைப் பூட்டிய பிறகு
ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள்.
பூட்டு நம்புகிறது.
அவள்தான் இன்னும் இல்லை.

யார் இந்தப் பெண் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் கையில் இருந்த சாவியைப் பார்த்தேன். தினமும் கிளினிக்கைப் பூட்டுவது நான். இவர் பின்னால் பையோடு நிற்பார், தெருவை வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னங்க, இது நானா?"

"பூட்டை வேற யாரு இழுக்கிறா?"

"எப்ப எழுதினது?"

"நாம இங்க வந்த புதுசுல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. ரெண்டாவது வரியில, காஸை அணைச்சாச்சான்னு கேட்டே. போய்ப் பார்த்துட்டு வந்தேன். நீ தூங்கிட்டே."

தாளை இன்னொரு தடவை படித்தேன். ஒன்று இடித்தது. "நான் ரெண்டு தடவை இழுப்பேன். ஒருமுறைன்னு போட்டிருக்கீங்க."

"ரெண்டுன்னு போட்டா வரி தொங்குது."

"தொங்கட்டும். நான் அப்படித்தானே இழுக்கிறேன்."

"அது கவிதைம்மா, சாட்சி சொல்றது இல்ல."

"அப்ப அந்தப் பொம்பளை நான் இல்லைன்னு எழுதிக் கொடுங்க."

இதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். காத்திருந்த ஒரே ஒரு பேஷன்ட்டும் எழுந்து போய்விட்டார், அது எங்களுக்குத் தெரியவும் இல்லை. இழுப்பறையில் இன்னும் நிறைய இருக்கிறதாம். தினம் காலையில் கிளினிக் திறந்ததும், ஆட்கள் வருவதற்கு முன், எனக்கு ஒன்று வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நான் குறுக்கே பேசுவேன் என்றும் சொல்லிவிட்டேன். நோயாளிகளுக்கு இனி கிடையாது. எனக்குச் சொல்லாததை வங்கி மேலாளருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? சரி என்றார். தோழருக்குப் போன் செய்து, பின்னறை வேண்டாம் என்றும் சொன்னார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தயவுசெய்து இதைப் போடாதீர்கள். அச்சில் வந்துவிட்டால் அவர் யாரோ எங்கேயோ படிக்கிறார்கள் என்று இருந்துகொள்வார், நான் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். வழக்கமான சீட்டையே வைத்துத் திருப்பி அனுப்புங்கள். கைப்பட ஒன்றும் எழுத வேண்டாம்.

தவிர, கவிதையில் திருத்தம் பாக்கி இருக்கிறது. இன்று சாயங்காலம் பூட்டும்போது அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது, ஒருமுறைகூட இழுக்காமல் வந்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் தாங்க முடியவில்லை. அவரையும் கிளப்பிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பூட்டு வாயைத் திறந்துகொண்டு தொங்கிக்கொண்டிருந்தது. 'பூட்டு நம்புகிறது' என்ற மூன்றாவது வரி தப்பு என்று அங்கேயே நின்று சொன்னேன். யோசிக்கிறேன் என்கிறார்.