புலிச் சாணமும் கீரைப் பாத்தியும்

நெடுங்குன்றம்,
13-5-2006

அன்பு நிறையவும் பொறுப்பு கொஞ்சமாகவும் உள்ள மச்சான் சம்பந்தத்துக்கு,

உன் மாமா சுப்பராயலு எழுதிக்கொண்டது. உன் சர்க்கஸ் கூடாரம் இப்போது வேலூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நீயும் உன் யானைகளும் குதிரைகளும் சுகமாக இருக்க குன்றத்தூர் முருகன் அருள் புரியட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா அஞ்சம்மாள் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது, அதனால் அதை அடித்துவிட்டேன்.

எல்லாம் அந்த மூட்டையால் வந்தது. நம் கொல்லைக்குக் காட்டிலிருந்து மான்கள் வருமே, நினைவிருக்கிறதா? கிழிந்த காதுள்ள பெண்மான் முன்னால் வரும், மற்ற நாலும் பின்னால் வரும். குட்டையில் தண்ணீர் குடித்துவிட்டு, போகிற வழியில் என் கீரைப் பாத்தியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். அஞ்சம்மாள் அந்தக் கிழிந்த காதுக்காரிக்கு ராணி என்று பெயரே வைத்திருந்தாள். வேர்க்கடலை போட்ட காலத்தில் தகரம் தட்டி விரட்டினோம். இப்போது சுற்றிலும் வீடு வந்துவிட்டது, தகரம் தட்டினால் மான் ஓடுவதற்கு முன் அசோசியேஷன்காரர்கள் ஓடி வருவார்கள். போன மாசி மாதம் உன் கூடாரம் தாம்பரத்தில் இருந்தபோது, புலிச் சாணம் தூவினால் மான் கிட்டே வராது என்று எவனோ சொன்னதை நம்பி, உன்னிடம் ஒரு மூட்டை கேட்டேன். நீயும் மறுப்பு சொல்லாமல் கொடுத்தாய். அந்த வாரம்தான் குட்டையைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். தூர்க்குமுன் வாரிய வண்டல் மண்ணில் இரண்டு லாரியை நம் தோட்டத்தில் அடித்துக்கொண்டு, அதன்மேல் வேலியோரமாக உன் சாணத்தைத் தூவினேன். நாற்றத்துக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தூவினேன். இரண்டே நாளில் மான்கள் நின்றுவிட்டன. நான் மீசையைத் தடவிக்கொண்டேன் மச்சான், அந்தப் பாவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம்தான் பேஜார் ஆரம்பித்தது. எதிர்வீட்டு யக்ஞநாராயணன், பேங்கில் ரிட்டயர் ஆனவர், வாக்கிங் வந்தவர் வேலியோரம் நின்றார், மூக்கைப் பொத்தினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "சார், டவுட்டே இல்ல, இது லெப்பர்டு. நான் டிவியில நிறைய பார்த்திருக்கேன்" என்றார். சாயங்காலத்துக்குள் நாலு தெருவிலும் சிறுத்தை உலாவியது. ஒருவர் வாலைப் பார்த்தார், ஒருவர் உறுமலைக் கேட்டார், தெருக்கோடி ஞானம்மாளின் மருமகள் இரண்டு குட்டிகளையும் சேர்த்துப் பார்த்தாள். பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பவில்லை. பால்காரர் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனார். வனத்துறைக்கு ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது, போடாமலிருந்தால் சந்தேகப்படுவார்களே. ஒரு மாதம் கழித்துக் கூண்டு வந்தது. அதில் கட்ட ஞானம்மாளின் ஆடும் வந்தது. பதினோரு நாள் தெருவே அந்த ஆட்டுக்குத் தழை போட்டது. அப்புறம் அது கூண்டை விட்டு வெளியே வர மறுத்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், உன் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். (என் மானம் போய்விடுமே என்றும்தான்.)

போன வெள்ளிக்கிழமை வனக்காவலர் தினகரன் கூண்டை எடுத்துப் போக வந்தார். வேலியோரம் கிடந்ததை ஒரு கட்டியாகக் கையில் எடுத்து உடைத்தார், முகர்ந்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், கீழே போட்டுவிட்டார். "இங்க ஒரு குட்டை இருந்துதே, எங்க சார்?" என்று கேட்டார். "தூர்த்தாச்சு சார், மனை போட்டாச்சு" என்றேன். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, "ஜி.எஸ்.டி. ரோட்டுல நேத்து ஒரு பெண்மான் லாரியில அடிபட்டுச்சு. தண்ணி தேடித்தான் சார் ரோட்டத் தாண்டுதுங்க" என்றார். அஞ்சம்மாள் கதவோரம் நின்று, "காது கிழிஞ்சிகீதா சார்?" என்று கேட்டாள். அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என்னைப் பார்த்து, "அதுங்க வராதபடி நீ இன்னாவோ பண்ணிகீற. இன்னான்னு நீயே சொல்ற வரைக்கும் என்னாண்ட பேசாத" என்றாள். அதுதான் கடைசி. தட்டை வைக்கிறாள், சோறு போடுகிறாள், போய்விடுகிறாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் இப்படி இருந்ததில்லை.

ராணியைக் கொன்றது உன் புலிச் சாணம்தான் மச்சான். வாசனைக்குப் பயந்து வழி மாறிப் போய்த்தான் லாரியில் விழுந்தது. கேட்டது நான், ஆனால் கொடுத்தது நீ. ஆகவே இரண்டு நாள் லீவு சொல்லி வந்து, உன் அக்காவிடம் பாதிக் குற்றத்தையாவது ஏற்றுக்கொள். நீ தம்பி, உன்னை மன்னித்துவிடுவாள். அந்தச் சூட்டோடு என்னையும் மன்னித்தாலும் மன்னிப்பாள்.

உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். யானையிடம் ஜாக்கிரதையாக இரு.

இப்படிக்கு,
உன் மாமா,
சுப்பராயலு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் உன் கார்டைக் கொடுத்தார். "மாமா, சிறுத்த சேதிய பேப்பர்ல பாத்தேன், கோச்சிக்காத. நம்ம சர்க்கஸ்ல புலி ஏது? புலி, சிங்கம் அல்லாத்தையும் கவர்மெண்டு ஓட்டிகினு போயி அஞ்சு வருஷம் ஆவுது. நீ ஆசையா கேட்டியேன்னு நீர்யானைது வாரிக் குடுத்தேன். அது வெறும் புல்லு துன்ற ஜீவன்" என்று எழுதியிருக்கிறாய். மூன்று தரம் படித்தேன். புல் தின்னும் ஜீவனின் சாணத்துக்கு எந்த மான் பயப்படும்? காவலர் முகர்ந்தபோதே தெரிந்துகொண்டுதான் குட்டையைக் கேட்டிருக்கிறார். குட்டையை விற்றுக் கையெழுத்துப் போட்டது நான், மண்ணை வாங்கிப் பாத்தியில் போட்டுக்கொண்டதும் நான். மேலே உன்மேல் சொன்னதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நீ வர வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். அஞ்சம்மாள் இன்றைக்கும் வேலியோரம் ஒரு அண்டாவில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாள். குட்டை மண்ணில் கீரை இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, கடிக்கத்தான் ஒருவரும் வருவதில்லை.